ஒட்டினேன், ஓட்டினேன்

எங்கள் கடைப் பலகையைக் கழற்றப் போகிறார்கள். அதற்கு முன் அந்தப் பலகையின் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், நான் சொல்லச் சொல்ல, கடையில் கம்பியூட்டரில் டிசைன் போடும் ஷாமினி அடித்துத் தருகிறாள். என் கையால் எழுதினால், முடிப்பதற்குள் பலகை தானாகவே துருப்பிடித்து விழுந்துவிடும்.

என் பெயர் எமல்டா. பிறந்தது, வளர்ந்தது, தாலி கட்டியது எல்லாம் கொட்டாஞ்சேனை. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. வேலை ஸ்டிக்கர் ஒட்டுவது. திரீவீல் ஒட்டியிருக்கிறேன், பஸ் ஒட்டியிருக்கிறேன், ஃபிரிட்ஜ், லிஃப்ட் கதவு, மீன்பிடிப் படகு, ஒரு முறை சவப்பெட்டியும் ஒட்டியிருக்கிறேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம்: பஸ்ஸுக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன் என்று நீட்ட மாட்டோம், பஸ் ஒட்டினேன் என்போம். நான் ஒட்டாத தெரு கொழும்பில் இருந்தால் சொல்லுங்கள். முழங்கால் விட்டால் நாளைக்கே போய் ஒட்டிவிட்டு வருகிறேன்.

முழங்கால் விடாதபடியால்தான் ஓய்வு. ஆனாலும் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள் முடிந்ததும் கடைக்குப் போய் ஒரு பிளேன்டீ குடிக்காமல் வீட்டுக்கு வருவதில்லை. போன கிழமை போனபோது, ஷாமினி வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்டி, 'இங்கே ஸ்டிக்கர் ஓட்டப்படும்' எண்டு போட்டிருக்கு."

"ஓம். நான்தான் போட்டது."

"ஒட்டுறதுக்குச் சின்ன ஒ. இது பெரிய ஓ. கீழ சுழி கூடிப்போச்சு. ஓட்டப்படுமாம்! ஸ்டிக்கரை என்ன, பஸ் மாதிரி ஓட்டுறதா?"

"சுழி இருந்திட்டுப் போகட்டும் மகள்."

"பிழை ஆன்டி!"

"பிழையா சரியா எண்டு உள்ள இருக்கிற படத்தைப் போய்ப் பார்."

உள்ளே சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. அதில் சீலை உடுத்திய ஒரு பொம்பிளை காதில் பெரிய ஹெட்போன் போட்டுக்கொண்டு ஒரு சின்ன வெள்ளை விமானத்துக்குள் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் தேக்கு மரம் போல ஒரு தட்டு, அதில் வட்ட வட்டமாக மீட்டர்கள். அந்தப் பொம்பிளை நான். அந்தத் தேக்கும் நான் ஒட்டியது. அது தேக்கே இல்லை, வினைல் ஸ்டிக்கர். அதில் ஒரு குமிழி கண்டுபிடித்தால் என் காதுத் தோட்டைக் கழற்றித் தருகிறேன்.

சரி, முதலில் இருந்து சொல்கிறேன்.

கடை பெனடிக்ட் மாஸ்டருடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெட்டிப் போட்ட துண்டுகளைக் கூட்டினேன். பிறகு தேத்தண்ணி ஊற்றினேன். பிறகு மாஸ்டர் ஒட்டும்போது மறுபக்கம் பிடித்தேன். பிறகு நானே ஒட்டினேன். பழகின காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் எனக்கே கொட்டாவி வரும்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நான் எழுத்துப் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, மாஸ்டரின் பிஸ்கட் டின்னில். அந்தக் காலத்தில் மெஷின் கிடையாது. எழுத்துகளைக் கத்தியால் வெட்டி, டின்னில் போட்டு வைப்போம். வேண்டியதைப் பொறுக்கி ஒட்டுவோம். வெள்ளவத்தைப் பக்கத்துத் திரீவீல்காரர்கள் எல்லாரும் 'ஓம் முருகா', 'ஓம் சக்தி' என்று கேட்பதால், டின் நிறையச் சுழி போட்ட ஓதான் கிடந்தது. சுழி இல்லாத ஒ-வை யாரும் கேட்டதும் இல்லை, மாஸ்டர் வெட்டியதும் இல்லை. போதாததற்கு எங்கள் ஊரில் சரி என்பதற்கும் ஓம்தான். கடவுளைக் கூப்பிடவும் அந்த எழுத்து, மனுசருக்குப் பதில் சொல்லவும் அந்த எழுத்து. அப்படியிருக்க இன்னொரு ஒ எதற்கு என்று நான் தேடவில்லை. பலகையையும் அந்த டின்னில் இருந்ததைக் கொண்டுதான் ஒட்டினேன். வந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. ஸ்டிக்கர் ஒட்ட வருகிறவன் தன் திரீவீலைப் பார்ப்பான், பலகையையா பார்ப்பான்?

மாஸ்டரின் முறை தனி முறை. முதலில் சவர்க்காரத் தண்ணியால் துடைக்க வேண்டும். பிறகு ஸ்பிரிட்டால். பிறகு வெறும் துணியால். "முதல் துடைப்பு அழுக்குக்கு, ரெண்டாவது எண்ணெய்க்கு, மூணாவது உன்ட ஆணவத்துக்கு" என்பார். ஒட்டத் தொடங்கிவிட்டால் யாரும் வாய் திறக்கக் கூடாது. கதைத்தால் மூச்சு ஸ்டிக்கருக்குக் கீழே போய்க் குமிழியாகும் என்பது அவருடைய நம்பிக்கை. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் கடையில் கதைத்துக்கொண்டு ஒட்டியவர் யாரும் இல்லாதபடியால், பொய் என்றும் நிரூபிக்க முடியாது.

குமிழிக்கு அவர் வைத்த பெயர் மாமி. "இந்தப் பக்கத்தால அனுப்பினா அந்தப் பக்கத்தால வருவா. கோபப்பட்டு அமத்தினா ரெண்டாப் பிரிஞ்சு வருவா. மெதுவா, மரியாதையா, வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடணும்." பழைய டெலிபோன் கார்டில் துணி சுற்றி, நடுவில் இருந்து ஓரம் வரைக்கும் மாமியை வழியனுப்ப எனக்குக் காட்டித் தந்தார். ஒட்டியதை உரிப்பது அவருக்குப் பிடிக்காது. உரித்து ஒட்டினால் அது வேலை இல்லை, மன்னிப்புக் கேட்பது என்பார்.

எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை வைத்துப் பார்ப்பார். கையால் தொட மாட்டார். கை வேலைக்குப் பழகினது, வேலைக்காரனுக்காகப் பொய் சொல்லும், கன்னத்துக்கு ஒருவரையும் தெரியாது என்பது அவர் கணக்கு. ஒரு பெரிய மனிதர் ரோட்டில் நிற்கும் பஸ்ஸோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பதைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்குப் பயமாகத்தான் இருக்கும். எங்கள் தெரு நாய்களுக்கே பழகிவிட்டது.

நான் விமானம் வரைக்கும் போனது ஒரு காஸ் சிலிண்டரால்.

புளூமெண்டால் பக்கத்து மாடிவீட்டில் ஒரு பொம்பிளை ஃபிரிட்ஜுக்கு ரோசாக்கொடி ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன். ரைஸ் குக்கருக்கும் கேட்டாள். ஒட்டினேன். மிச்சம் இருந்ததைக் காஸ் சிலிண்டருக்கும் ஒட்டச் சொன்னாள். சிலிண்டர் லேசான சாமான் இல்லை, எந்தப் பக்கம் பார்த்தாலும் வளைவு. ஆனாலும் ஒரு மாமி இல்லாமல் ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த மாதம் காஸ் முடிந்தது. காஸ்காரன் வந்தான், வெறும் சிலிண்டரை எடுத்துக்கொண்டு நிறைந்த சிலிண்டரை வைத்துவிட்டுப் போனான். ரோசா போய்விட்டது. அந்தப் பொம்பிளை கடைக்கு வந்து அழுதாள். நான் என்ன செய்ய? அது கொலன்னாவைப் பக்கம் சுற்றுகிறது என்றார்கள், நுகேகொடையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கண்டேன் என்றார்கள். பிறகு ஒரு நாள் அது வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் குசினிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வீட்டு ஐயா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இப்படி வளைவில் குமிழி இல்லாமல் ஒட்டியது யார் என்று காஸ் கடை காஸ் கடையாக விசாரித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

வந்து நின்று, "பிளேன் ஒண்டு ஒட்டோணும்" என்றார்.

மாஸ்டர் நிமிரவில்லை. "பிளேன் இருக்கு. என்ன கலர்?"

"வெள்ளை."

"பூ, கொடி ஒண்டும் வேணாமா?"

"பிளேனுக்கு என்னத்துக்குப் பூ?"

"அதுவும் சரிதான், பூ போட்டா அது பிளேன் இல்லத்தானே. என்னத்துக்கு மேல ஒட்டுறது?"

"பிளேனுக்கு மேல."

மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார். "பிளேனுக்கு மேல பிளேன் ஒட்டினா ஒட்டினது யாருக்கு சேர் தெரியும்?"

வந்தவர் இரண்டு கையையும் பக்கத்துக்கு விரித்தார். "இது பறக்கிறது."

அவர் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் வீடு. கார் நிறுத்தும் இடத்தில் பெட்டி பெட்டியாகச் சாமான் வரவழைத்து, இரண்டு பேர் இருக்கிற விமானம் ஒன்றைத் தானே பூட்டிக்கொண்டிருந்தார். கார் வருடக் கணக்காக ரோட்டில் நின்று காகம் எச்சமிட்டு வெள்ளையாகிவிட்டது. மேல் வேலை எல்லாம் முடிந்ததாம். மீட்டர்கள் பூட்டுகிற முன்தட்டை மட்டும் தேக்கு மாதிரி ஒட்டித்தர வேண்டுமாம்.

"நான் கறுப்புத்தான் நினைச்சனான்," என்றார். "என்ரை மனுசிதான் தேக்கெண்டு நிக்குது. 'நான் ஏறி இருக்கிற சாமான் பார்க்க ஒரு நல்ல அலுமாரி மாதிரியெண்டாலும் இருக்கோணும்' எண்டு சொல்லுது."

சனிக்கிழமை ரத்மலானை விமான நிலையத்தில் ஒரு கொட்டகையில் பரிசோதகர் வந்து விமானத்தைப் பார்க்கப் போகிறார், அதற்குள் முடிய வேண்டும். மாஸ்டர் கையை விரித்தார்.

"மேல போற சாமான் நான் ஒட்டுறதில்ல சேர். நடுவானத்தில ஓரம் கிளம்பினா யார் போய் அமத்துறது?"

"லிஃப்ட் ஒட்டினீங்கதானே மாஸ்டர்," என்றேன் நான். "அதுவும் மேலதான் போகுது."

"லிஃப்ட் திரும்பி வரும்."

"இதுவும் வரும்," என்றார் இன்ஜினியர் ஐயா. "கட்டாயம் வரும்." இரண்டாம் தரம் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிப்போனது.

நான் போகிறேன் என்றேன். சிலிண்டர் ஒட்டியது நான். என்னைத் தேடித்தானே அவர் வந்தார்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. எங்கள் கோயிலில் நவநாளில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். வேண்டுதலைத் துண்டில் எழுதிப் போட்டால் உபதேசியார் எடுத்து வாசிப்பார். முதல் தரம் விமானம் ஒட்டுகிறேன் என்பதால் நானும் ஒரு துண்டு எழுதினேன். எமல்டா, விமானம், சனிக்கிழமை, கை நடுங்கக் கூடாது, இவ்வளவுதான் விஷயம். ஒட்டுவதற்கு எனக்குத் தெரிந்த ஓ-வைப் போட்டேன்.

அன்று எனக்குக் கிடைத்த இடம் பெரிய மின்விசிறிக்குக் கீழே. அது சுற்றும் சத்தத்தில் என் பெயர் மட்டும்தான் காதில் விழுந்தது. உபதேசியார் வாசித்தது இதுதான் என்று பிறகு சொன்னார்கள்: "நமது பங்கைச் சேர்ந்த சகோதரி எமல்டா வருகிற சனிக்கிழமை விமானம் ஓட்டப் போகிறார். அவருடைய கை நடுங்காதிருக்க மன்றாடுவோம்." பிறகு, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், கூரைப் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. அந்தோனியார்மேல் சனங்களுக்கு அவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் பிலோமினா பிடித்துக்கொண்டாள். பிலோமினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய மகன் இத்தாலியில் இருக்கிறான். ஒரே ஒரு முறை போய் வந்தாள். அன்றிலிருந்து அவள் வாயில் எந்தக் கதையும் 'நான் பிளேனில போகேக்க' என்றுதான் தொடங்கும். மீன் விலையைக் கேட்டாலும் பிளேனில் மீன் தந்த கதை. மழை வந்தால் மேகத்துக்கு மேலே மழையில்லை என்ற கதை. ஜெபமாலைச் சபையில் நாங்கள் அந்தப் பிளேனில் ஏறி இறங்கிக் களைத்துப்போனோம்.

"எமல்டா, உண்மையா? நீயா?"

"ஓம்."

"பிளேனா?"

"ஓம், சின்னதுதான். ரெண்டு பேர் இருக்கிறது."

"எங்கடி பழகின?"

"மாஸ்டரிட்டத்தான்."

"பெனடிக்ட் மாஸ்டருக்குத் தெரியுமா?"

"அவர் மேல போறது தொடமாட்டார். பயம். நான்தான் துணிஞ்சு சரி எண்டேன்."

"பயமில்லையாடி உனக்கு?"

"என்ன பயம்? முதல்ல திரீவீல், பிறகு பஸ், பிறகு லிஃப்ட். கை பழகிட்டுது. எல்லாம் ஒண்டுதான். மெதுவா, மரியாதையா, நடுவில இருந்து ஓரத்துக்குப் போகணும்."

பிலோமினா என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நான் பிளேனில சும்மா இருந்துதான் போனேன்டி," என்றாள். "ஓட்டினதில்ல."

அப்போதுதான் எனக்குத் தலைக்குள் விளங்கியது.

சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் பிலோமினா தன் வாழ்க்கையில் முதல் தரம் 'நான் பிளேனில போனதெல்லாம் பெரிசில்ல' என்கிற மாதிரிச் சொல்லிவிட்டு நிற்கிறாள். சுற்றி ஜெபமாலைச் சபை முழுக்க நிற்கிறது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஓட்டுவேன் என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, ஓட்ட மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"சனிக்கிழமை நாங்க எல்லாரும் வாறோம்," என்றாள் பிலோமினா. "பஸ் பிடிக்கிறோம்."

இப்போது சொன்னால் ஒரு சுழியில் தடுக்கி விழுவேன். சொல்லாவிட்டால் சனிக்கிழமை ஒரு பஸ் சனத்துக்கு முன்னால் விழுவேன். சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை வெள்ளவத்தைக்குப் போனேன். இன்ஜினியர் ஐயா மீட்டர்களை எல்லாம் கழற்றி இடியாப்பத் தட்டுகளில் வரிசையாக வைத்திருந்தார். முன்தட்டு சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அலுமினியம், முழுக்க வட்ட ஓட்டைகள். குசினிக்குள் என் ரோசாச் சிலிண்டர் நின்றது. ஒரு இதழ்கூடக் கிளம்பவில்லை. சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. ஐயா ஏதோ ஆணி குறைகிறது என்று கடைக்குப் போக, வீட்டில் நானும் ஐயாவின் மனுசி அந்த அம்மாவும்.

மூன்று தரம் துடைத்தேன். வெள்ளவத்தையில் அது போதாது. கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து வைத்துவிடும், துடைத்த தட்டை நாக்கில் வைத்தால் கரிக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு இன்னொரு தரம் துடைத்தேன். ஸ்டிக்கர் பளபளப்பில்லாதது. பளபளத்தால் வெயில் பட்டு ஓட்டுகிறவரின் கண்ணில் அடிக்கும் என்று ஐயா சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொன்னார்: தேக்கின் ரேகை நேராக இருக்க வேண்டும், கோணினால் விமானம் சரிந்து பறக்கிற மாதிரி அவருக்குத் தோன்றுமாம். ஆகவே மேல் ஓரத்தில் ஒரு நூல் கட்டி, ரேகையை நூலோடு பிடித்து, பின்தாளை ஒரு சாண் மட்டும் உரித்து வைத்தேன். வைத்தாயிற்று. இனி வாய் திறக்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்து அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தா.

"அப்ப நீங்கள்தானோ சனிக்கிழமை ஓட்டப் போறது?"

கொட்டாஞ்சேனையில் சொன்னது வெள்ளவத்தைக்கு எப்படி வந்தது? ஆனால் கை ஸ்டிக்கரில் இருக்கிறது. வாய் திறக்க முடியாது. தலையை ஆட்டினால் ரேகை கோணும். கார்டை நடுவில் வைத்து இழுத்தேன்.

"மீன் கொண்டு வாற ஆள் கொட்டாஞ்சேனை. அவர்தான் சொன்னவர். கோயிலில பூசையும் வைச்சதாம். உண்மையோ?"

இழுத்தேன். இடப்பக்கம் ஒரு மாமி தலையைக் காட்டினாள்.

"கதைக்கிறியளில்லை. அப்ப உண்மைதான். எத்தினை வருஷம் கார் நிக்கிற என்ரை போர்ட்டிக்கோவைக் குடுத்திட்டு நான் காகப் பீயைக் கழுவிக்கொண்டு இருக்கிறன். கடைசியில ஸ்டிக்கர் ஒட்ட வந்த மனுசியோ ஏறுறது?"

மாமியை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலுக்குக் கிட்டப் போகும்போது கடற்கரை ரயில் வந்தது. மேசை அதிர்ந்தது, இடியாப்பத் தட்டில் மீட்டர்கள் குலுங்கின. இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டேன். ரயில் நேரத்தில் ஒட்டினால் சுருங்கும்.

"இப்ப என்னத்துக்குக் கையைத் தூக்குறியள்? நான் அடிக்கவோ போறன்?"

ரயில் போனது. கையை இறக்கினேன். மாமியையும் அனுப்பினேன். அதற்குள் அம்மா அழத் தொடங்கிவிட்டா. நான் வாய் திறக்காமல் மிச்சத்தையும் இழுத்தேன். ஓட்டைகளுக்கு மேலே ஸ்டிக்கர் மேளத்தோல் போல நின்றது. தட்டைத் திருப்பிப் பின்பக்கத்தால் கத்தியை விட்டு, உலோகத்தின் விளிம்போடு ஒரே சுற்று. நடுவில் தூக்கினால் பிசிறு வரும். உள்ளே மடித்து ஒட்டவும் கூடாது, மீட்டர் சரியாகப் போய் இருக்காது. ஆணித் துளைகளுக்கு ஊசி. கடைசியாக, அழுதுகொண்டிருந்த அம்மாவிடமே சைகையில் முடி காயவைக்கிற மெஷினைக் கேட்டு வாங்கி, ஓரங்களைச் சூடுகாட்டி அமத்தினேன். அழுகையோடு எடுத்துக்கொண்டுவந்து தந்தது, அந்த மனுசிக்கு நல்ல மனம்.

கார்டைக் கீழே வைத்ததும்தான் வாய் திறந்தேன்.

"அம்மா, ஓட்ட இல்ல, ஒட்ட. நான் ஒரு சுழி கூடப் போட்டுட்டேன்."

ஐயாவும் ஆணியோடு வந்து சேர்ந்தார். முழுக்கதையும் சொன்னேன். ஐயா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே குந்திவிட்டார்.

"இஞ்சேருங்கோ, சிரிக்காதையுங்கோ!" என்றா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பஸ் பிடிச்சு வரப் போயினமாம். இந்த மனுசிக்கு ஊரில ஒரு பேர் இருக்கெல்லோ?"

"அக்கா, சனிக்கிழமை அது பறக்கிறேல்லை," என்றார் ஐயா என்னிடம். "பறக்க இன்னும் அனுமதிக் கடதாசியள் வரோணும். அண்டைக்கு நிலத்திலதான் ஓடும்."

"ஓடினாப் போதும் ஐயா," என்றேன். "ஓடுறதைத்தானே ஓட்டுறது?"

ஐயா அம்மாவைப் பார்த்தார். அம்மா மேசையில் கிடந்த தேக்கைப் பார்த்தா. "அழகாத்தான் இருக்கு," என்றா. "ஆனால் பக்கத்துச் சீற் என்ரை."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. போர்ட்டிக்கோ கொடுத்த அம்மாவிடம் என்ன சொல்லிக் கேட்பது?

சனிக்கிழமை நான் அம்மாவோடு ரத்மலானைக்குப் போனேன். விமானம் முதல் நாளே லொறியில் போய்ச் செட்டை இரண்டும் பூட்டி நின்றது. கொட்டாஞ்சேனை பஸ் வந்தது. சோற்றுப் பார்சல், குடை, குழந்தைகள், ஜெபமாலைச் சபைப் பதாகை எல்லாம் இறங்கின. பிலோமினா முன்னால் நின்று, பிளேன் கிளம்பும்போது காது அடைக்கும், எல்லாரும் டொபி சூப்ப வேண்டும் என்று பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏறுகிறவருக்குத்தான் காது அடைக்கும், பார்க்கிறவருக்கு இல்லை என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. கடைசியாக இறங்கியவர் பெனடிக்ட் மாஸ்டர்.

"மேல போறதைப் பார்க்க வரமாட்டேன் எண்டீங்க?"

"நான் தட்டைப் பார்க்க வந்தேன்," என்றார்.

பரிசோதகர் சிங்களவர், நல்ல மனுசன். விமானத்தை வாலில் இருந்து பார்த்துக்கொண்டு வந்து, உள்ளே தலையை விட்டவர் அப்படியே நின்றார். "மேக அல்மாரியக்த?" என்றார். இது அலுமாரியா என்று கேட்கிறார். அம்மாவின் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். தட்டிப் பார்த்தார், உலோகம். தடவிப் பார்த்தார். அதற்குள் மாஸ்டர் பொறுக்க முடியாமல் மற்றப் பக்கத்தால் உள்ளே நுழைந்து, கண்ணை மூடி, தேக்கின் மேலே கன்னத்தை வைத்துவிட்டார். பரிசோதகர் மாஸ்டரைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். இதுவும் பரிசோதனையில் ஒரு பகுதி என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் குனிந்து மற்றப் பக்கத்தில் கன்னத்தை வைத்தார். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே தட்டில் கன்னம் வைத்துக் கண் மூடிக் கிடந்தார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிலுவை போட்டார்கள்.

"ஹொந்தய்," என்றார் பரிசோதகர், நல்லது என்று. மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை ஒரு முறை ஆட்டினார். நான் கடையில் இருந்த காலம் முழுக்க அவர் அப்படி ஆட்டியது அந்த ஒரு தரம்தான்.

"பிம விதரய்," என்று பரிசோதகர் விரலை நிலத்தைக் காட்டி எச்சரித்தார். நிலத்தில் மட்டும்.

ஐயா ஏறி எஞ்சினைப் போட்டார். அம்மா ஏற வேண்டியதுதான். எஞ்சின் இருமி, உறுமி, பிறகு கொட்டகையின் தகரம் எல்லாம் கிடுகிடுக்க ஒரு சத்தம் போட்டது. அம்மா வைத்த காலை எடுத்துவிட்டா.

"அலுமாரி மாதிரித்தான் இருக்கு," என்றா என் காதுக்குள் கத்தி. "ஆனால் அலுமாரி இப்பிடிக் கத்தாது. நீங்கள் ஏறுங்கோ!"

"அம்மா, உங்கட சீட்!"

"நான் தாறன். சனம் பார்த்துக்கொண்டு நிக்குது. ஏறுங்கோ எண்டுறன்!"

சீலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். காதில் ஹெட்போன் மாட்டினார்கள். படம் அப்போது எடுத்ததுதான். வெளியே பிலோமினா என்னைப் பார்த்து, பெல்ட்டை இறுக்கு என்று சைகை காட்டினாள். ஐயா மெதுவாகக் கொட்டகையை விட்டு வெளியே ஓட்டி, கொஞ்சத் தூரம் போய்த் திருப்பினார். நான் மீட்டர்களைப் பார்க்கவில்லை. மாமி யாராவது வருகிறாளா என்று ஓரங்களைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"அக்கா," என்றார் ஐயா ஹெட்போனுக்குள். "இப்ப நீங்கள் ஓட்டுங்கோ."

"ஸ்டியரிங் எங்க ஐயா?"

"நிலத்தில காலாலதான் திருப்புறது. உங்கடை பக்கத்திலயும் ரெண்டு மிதி இருக்கு. வலது மிதிச்சா வலதுக்குப் போகும்."

செருப்பைக் கழற்றினேன். அப்போதே பிடிக்கத் தொடங்கியிருந்த என் முழங்காலைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வலது மிதியில் காலை வைத்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது. எடுக்க வரவில்லை.

விமானம் வலப்பக்கம் திரும்பியது. வலப்பக்கத்தில் கொட்டாஞ்சேனை நின்றது.

முதலில் பதாகை விழுந்தது. பிறகு சோற்றுப் பார்சல்கள். குடைகள் பறந்தன. ஆமை வேகத்தில்தான் வந்தோம் என்று ஐயா பிறகு சொன்னார், ஆனால் முன்னால் காற்றாடி சுற்றிக்கொண்டு வந்தால் யார் வேகத்தைப் பார்ப்பார்கள்? சனம் நாலு பக்கமும் ஓடியது. பிலோமினா மட்டும் ஒரே நேர்கோட்டில் ஓடினாள். நான் மிதியில் காலை வைத்தபடி, கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்தபடி, அவளுக்குப் பின்னால் போனேன். அவ்வளவு வேகமாக அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. இத்தாலிக்கே ஓடியே போயிருக்கலாம். ஐயா தன் பக்கத்து மிதியை அழுத்தி, எஞ்சினை நிறுத்தினார்.

சத்தம் அடங்கியது. நான் இறங்கினேன். கை நடுங்கவில்லை. கால் நடுங்கியது. அதற்கு நான் மன்றாட்டுப் போடவில்லைத்தானே.

எல்லாரும் மெதுவாகத் திரும்பி வந்தார்கள். பஸ் டிரைவர் சந்தேகப்படுகிற ஆள். "அந்த ஐயா ஓட்டினாரா, இவங்க ஓட்டினாங்களா?" என்று கேட்டான். ஜெபமாலைச் சபை முழுக்க என் வாயைப் பார்த்தது.

பிலோமினா மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு செருப்போடு வந்து நடுவில் நின்றாள்.

"யார் ஓட்டினதெண்டா கேக்கிற? அந்த ஐயா என்னைக் கண்டதும் இல்ல. இவளத் தவிர வேற யாரு என்னைத் தேடித் தேடி ஓட்டுவாங்க?"

அதற்கு மேல் கொட்டாஞ்சேனையில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ஜெபமாலைச் சபையில் 'நான் பிளேனில போகேக்க' என்ற கதையும் நின்றுபோனது. இப்போது பிலோமினா, 'எமல்டா என்னைப் பிளேனால துரத்தேக்க' என்று தொடங்குகிறாள். இது நல்ல கதை. ஒவ்வொரு முறையும் விமானம் கொஞ்சம் பெரிதாகிறது. நான் திருத்துவதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நன்றித் துண்டு போட்டேன். விமானம் ஓட்டினேன், நன்றி என்று. உபதேசியார் அப்படியே வாசித்தார். இந்த முறை சுழி சரி.

ஷாமினி இதுவரைக்கும் அடித்துவிட்டு, "அப்ப பலகை ஆன்டி?" என்று கேட்கிறாள். கழற்றட்டும். மெஷினில் வெட்டுகிற எழுத்து வடிவாகத்தான் இருக்கும். புதுப் பலகையில் இரண்டு வரி போடச் சொல்லியிருக்கிறேன். முதல் வரி, சுழி இல்லாமல்: இங்கே ஸ்டிக்கர் ஒட்டப்படும். இரண்டாவது வரி, சுழியோடு: முன்கூட்டியே சொன்னால் ஓட்டவும் படும்.

சந்தேகம் உள்ளவர்கள் பிலோமினாவைக் கேட்கலாம்.